ஆட்டையும் கோழியையும் காக்க எந்த லைட் வாங்குவது?

கேள்வி: குமரி மாவட்டம் கடையாலுமூடு பக்கம் ரப்பர் விளையை (தோட்டத்தை) ஒட்டி எங்கள் வீடு. பன்னிரண்டு ஆடும் அறுபது நாட்டுக்கோழியும் வளர்க்கிறோம். மூன்று மாதமாக ராத்திரியில் கோழி குறைந்துகொண்டே வருகிறது. போன வாரம் ஒரு ஆட்டுக்குட்டியும் போய்விட்டது. நரி என்கிறார்கள் சிலர், புலி என்கிறார்கள் சிலர். இரவில் வேட்டையாடும் மிருகங்களைச் சுடுவதற்கென்றே சிவப்பு, பச்சை வெளிச்சத்தோடு ஆன்லைனில் ஒரு லைட் வருகிறது. 10,000 லூமன் என்று போட்டிருக்கிறது. அதை வாங்கி ஒரு ராத்திரி காத்திருந்தால் வருவதை முடித்துவிடலாம் என்கிறான் மச்சான். கையில் ஐயாயிரம் ரூபாய் இருக்கிறது. அதையே வாங்கலாமா, வேறு எது நல்லது?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

மச்சானின் யோசனையை முதலில் தள்ளி வைத்துவிடுங்கள். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சுட்டுக் கொல்வது மட்டும் குற்றமில்லை. கண்ணி வைப்பது, பொறி வைப்பது, விஷம் வைப்பது, இரை போட்டு வரவழைப்பது, இவற்றுக்கு முயற்சி செய்வது எல்லாமே வேட்டைக் கணக்கில்தான் வரும். சொந்த விளைக்குள் செய்தாலும் அப்படித்தான். சிறுத்தை, புலி, மலைப்பாம்பு போன்ற முதல் அட்டவணை உயிர்கள் என்றால் குறைந்தது 3 ஆண்டு, கூடினால் 7 ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. மனித உயிரைக் காத்துக்கொள்ள வேறு வழியில்லாமல் செய்தால் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆட்டைக் காக்கச் சுட்டேன் என்றால் அந்த விலக்கு கிடைக்காது. காட்டுப்பன்றியைச் சுடலாம் என்று 2025-ல் ஆணை வந்ததே என்று யாராவது சொன்னால், அந்த அதிகாரம் வனத்துறைக்குத்தான், அதுவும் காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால்தான் என்று சொல்லுங்கள்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அதைவிட எனக்குப் பெரிய கவலை வேறொன்று. விடிகாலை மூன்று மணிக்கெல்லாம் ரப்பர் பால்வெட்டுக்காரர்கள் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் நடக்கும் ஊர் இது. ரப்பர் விளையில் தூரத்தில் மின்னுவது பாதி நேரம் மனிதர்தான். அந்த இருட்டில் துப்பாக்கி எடுப்பவர் யாரைச் சுடுகிறோம் என்று தெரியாமல்தான் சுடுவார்.

நீங்கள் பார்த்த லைட், கொயோட்டி என்ற ஓநாய் இன மிருகத்தையும் நரியையும் சட்டப்படி சுட அனுமதி உள்ள அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் வேட்டைக்காரர்களுக்காகச் செய்யப்பட்ட வகை. அவர்கள் வேலை வேறு. உங்களுக்கு லைட்டால் ஆக வேண்டியது மூன்று: வருவது எது என்று பார்ப்பது, ராத்திரியில் பத்திரமாக நடந்து கூட்டைப் பார்த்துவிட்டு வருவது, வருகிறதை அண்டவிடாமல் செய்வது. மூன்றையும் ஒரே லைட் செய்யாது.

வருவது எது?

லைட் வாங்கும் முன்பே இதில் பாதியைப் பகலில் கண்டுபிடித்துவிடலாம். கூட்டையும் தொழுவத்தையும் சுற்றி இரண்டடி அகலத்துக்குப் புல்லைச் செத்தி எடுத்துவிட்டு, அரித்த மண்ணைப் பரப்பி, சாயங்காலம் பலகையால் தேய்த்துச் சமமாக்குங்கள். காலையில் கோழிக்கூட்டைத் திறக்கும் முன் தடம் பாருங்கள். நான்கு விரலும் நகக்குறியும் இருந்து, தடம் ஒடுங்கி நீளமாக இருந்தால் நரி. அதே போல நகம் பதிந்து, ஆனால் தடம் அகன்று இருந்தால் நாய். நான்கு விரல் இருந்து நகக்குறி இல்லாவிட்டால் பூனை இனம். தடத்தின் அளவைப் பார்த்தாலே காட்டுப்பூனையா, சிறுத்தையா என்று தெரிந்துவிடும். ஐந்து விரல் தெரிந்தால் மரநாய். எல்லைப் பக்கத்து ஊர்களில் மரப்பட்டி என்பதும் இதைத்தான்.

செத்ததைப் பார்த்தும் சொல்லலாம். மரநாய் ஓட்டு இடுக்கு வழியாகவோ கூரை ஓலையை விலக்கியோ மேலிருந்து இறங்கும். தலையையும் கழுத்தையும் கடித்துவிட்டு உடம்பை அப்படியே விட்டுப் போகும். ஒரே ராத்திரியில் இரண்டு மூன்று கோழியைக் கொன்று போடவும் செய்யும். நரி கோழியைத் தூக்கிக்கொண்டு போகும். விளைக்குள் கொஞ்ச தூரத்துக்கு இறகு சிதறிக் கிடக்கும். இறகும் இல்லை, ரத்தமும் இல்லை, சத்தமும் கேட்கவில்லை, கோழி மட்டும் காணோம் என்றால் மலைப்பாம்பையும், இரண்டு கால் திருடனையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். ஆட்டின் பின்தொடை, வால், காது என்று கண்ட இடமெல்லாம் கடித்துக் குதறியிருந்தால் அது ஊர்நாய்க் கூட்டம். தொண்டையில் ஆழமாக நான்கு பல் குழி மட்டும் இருந்து, உடலை இழுத்துக்கொண்டு போன தடமும் இருந்தால் சிறுத்தை. புலி என்று ஊரில் பேசுவதையும் நான் ஒதுக்கித் தள்ளமாட்டேன். 2023-ல் சிற்றாறு ரப்பர் குடியிருப்புப் பக்கம் ஆடு மாடுகளை அடித்த புலியை வனத்துறை பிடித்தது உங்களுக்கே தெரிந்திருக்கும். ஆனால் மூன்று மாதமாகக் கோழி மட்டும் ஒவ்வொன்றாகக் குறைவது புலியின் வேலை அல்ல. கோழியை எடுப்பது ஒன்று, குட்டியை எடுத்தது வேறொன்று என்றுதான் எனக்குப் படுகிறது.

லூமனைப் பார்க்காதீர்கள், கேண்டெலாவைப் பாருங்கள்

லூமன் என்பது லைட்டிலிருந்து எல்லாப் பக்கமும் வெளியேறும் மொத்த வெளிச்சம். கேண்டெலா என்பது நடுக்கதிர் எவ்வளவு உரமாகப் போகிறது என்பதன் அளவு. தூரத்தில் நிற்பதைப் பார்க்க இரண்டாவதுதான் வேண்டும். கணக்கு சுலபம்: கேண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால், பௌர்ணமி நிலவளவு வெளிச்சம் எத்தனை மீட்டர் வரை விழும் என்று வந்துவிடும். 10,000 கேண்டெலாவுக்கு 200 மீட்டர், 40,000 கேண்டெலாவுக்கு 400 மீட்டர். நிலவு வெளிச்சத்தில் ஏதோ நிற்கிறது என்று தெரியும். நரியா நாயா என்று பிரித்துப் பார்க்க அதில் மூன்றில் ஒரு பங்கு தூரம்தான் உதவும்.

ரப்பர் விளையில் மரம் வரிசை வரிசையாக நிற்பதால் ராத்திரியில் நூறு மீட்டருக்கு மேல் திறந்த பார்வை கிடைப்பது அரிது. ஆகவே 15,000 முதல் 20,000 கேண்டெலா உள்ள டார்ச் உங்களுக்குத் தாராளம். அதைவிடக் கூடினால் பக்கத்து மரத்தின் பட்டையில் பட்டுத் திரும்பி உங்கள் கண்ணைத்தான் கூசவைக்கும். வயல்வெளி, குளத்துக்கரை, தேரி மணல் பக்கம் இருப்பவர்கள் 40,000 வரை போகலாம்.

10,000 லூமன் என்ற பேச்சைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். நல்ல எல்இடி ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமன் தரும். அப்படியானால் 10,000 லூமனுக்கு 100 வாட் வேண்டும். கையடக்க டார்ச்சில் போடும் 18650 பேட்டரி ஒன்றில், அசல் சரக்காகவே இருந்தாலும், அதிகபட்சம் 3500 மில்லி ஆம்பியர் மணி, 3.6 வோல்ட்டால் பெருக்கினால் பன்னிரண்டரை வாட்-மணி. நூறு வாட்டில் எரிந்தால் எட்டு நிமிடம்கூட வராது. அதற்குள் கையில் பிடிக்க முடியாத சூடாகிவிடும். உண்மையான டார்ச்சுகளே உச்ச வெளிச்சத்தில் ஓரிரு நிமிடம் எரிந்த பிறகு சூட்டைத் தாங்க முடியாமல் தானாகவே குறைத்துக்கொள்ளும். உள்ளங்கை அளவு டார்ச் தொடர்ந்து 500 முதல் 800 லூமன் தந்தாலே அது நல்ல சாமான். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருப்பதை விட்டுவிட்டு, எந்த வெளிச்சத்தில் எத்தனை மணி நேரம், எத்தனை கேண்டெலா, எத்தனை மீட்டர் என்று தனித்தனியாக அட்டவணை போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அட்டவணை இல்லாத டார்ச்சை நான் வாங்கச் சொல்லமாட்டேன்.

மழை தாங்கும் தரம் குறைந்தது ஐபிஎக்ஸ்4 இருக்க வேண்டும். இடவப்பாதியும் துலா மழையும் என்று இரண்டு மழைக்காலமும் நனைக்கும் நம் மாவட்டத்துக்கு ஐபிஎக்ஸ்7 இருந்தால் நிம்மதி. ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். சுவிட்ச் ஒரே அழுத்தில், நீங்கள் கடைசியாக வைத்திருந்த வெளிச்சத்திலேயே எரிய வேண்டும். ஒவ்வொரு அழுத்துக்கும் மினுக்கு, எஸ்ஓஎஸ் (ஆபத்துச் சைகை) என்று சுற்றிச் சுற்றி வரும் டார்ச் பதற்றமான நேரத்தில் கையைக் கட்டிவிடும். இருபது முப்பது லூமனில் எரியும் அடக்கமான நிலை ஒன்றும் அவசியம் இருக்க வேண்டும். நடப்பதற்கு அதுவே போதும்.

சிவப்பா, பச்சையா, வெள்ளையா?

நாய், நரி, பூனை இனங்களின் கண்ணில் நிறம் பார்க்கும் செல்கள் இரண்டே வகை. நமக்கு மூன்று. நிறத்தை ஒளி அலையின் நீளத்தால், நானோமீட்டர் கணக்கில் சொல்வார்கள். நாயின் கண்ணில் ஒருவகை 429 நானோமீட்டர் நீலத்துக்கும், இன்னொன்று 555 நானோமீட்டர் மஞ்சள் கலந்த பச்சைக்கும் கூர்மையாக இருக்கிறது. 620 நானோமீட்டருக்கு மேற்பட்ட சிவப்பு அவற்றுக்கு மிக மங்கலாகத்தான் படும். அதனால்தான் வெளிநாட்டில் சிவப்பை விரும்புகிறார்கள். பச்சையை நம் கண் நன்றாகப் பார்க்கும், மிருகத்தின் கண்ணும் அதே அளவு நன்றாகப் பார்க்கும். மிருகத்துக்குப் பச்சை தெரியாது என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம்.

சிவப்பில் உங்களுக்கு ஒரு நஷ்டம் உண்டு. எல்லாம் ஒரே நிறமாகிவிடும். செம்பழுப்பு நாயும் சாம்பல் பழுப்பு நரியும் ஒன்றுபோலத் தெரியும். தரையில் ரத்தத் துளி கிடந்தாலும் கண்ணுக்குப் படாது. வருவது எது என்று தெரிந்துகொள்வதுதான் உங்கள் தேவை என்பதால் கையில் பிடிக்கும் டார்ச் வெள்ளையாகவே இருக்கட்டும். வெள்ளையிலும் 6500 கெல்வின் (வெள்ளையின் சாயலைச் சொல்லும் அளவு) நீலவெள்ளை வேண்டாம், 4000 முதல் 5000 கெல்வின் வாங்குங்கள். நிறம் சரியாகத் தெரியும், பூச்சியும் கொஞ்சம் குறைவாக மொய்க்கும். சிவப்பு, தலையில் கட்டும் லைட்டில் கூடுதலாக இருந்தால் போதும். கூட்டுக்குள் கோழியை எண்ணவும், குட்டி ஈனப்போகும் ஆட்டை எட்டிப் பார்க்கவும் அது அருமையாக உதவும். கோழி மிரளாது, உங்கள் கண்ணும் இருட்டுப் பழக்கத்தை இழக்காது.

அந்த இருட்டுப் பழக்கம் முழுதாக வர இருபது முப்பது நிமிடம் பிடிக்கும். ஒரு தடவை பளீரென்ற வெளிச்சத்தைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்துதான். வெளியே இறங்கும் முன் போனைப் பார்க்காமல் இருப்பது ஒரு டார்ச்சுக்குச் சமம்.

வெள்ளை வெளிச்சம் பட்டதும் மிருகம் ஓடிவிடுமே, எப்படிப் பார்ப்பது? வேட்டைக்காரர்களின் பழைய உத்தி ஒன்றை இங்கே பார்ப்பதற்குப் பயன்படுத்தலாம். டார்ச்சின் நடுவில் உரமான வட்டமும் அதைச் சுற்றி மங்கலான விளிம்பும் இருக்கும். நடுவட்டத்தை மிருகத்தின் தலைக்கு மேலே வைத்து விளிம்பு மட்டும் அதன்மேல் படும்படி பிடியுங்கள். கண்ணில் நேராக அடிக்காதவரை நரியும் காட்டுப்பூனையும் சில நொடி நின்று பார்க்கும். அடையாளம் காண அது போதும்.

கண் மினுக்கம்

இந்த மிருகங்களின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போன்ற ஒரு படலம் இருக்கிறது. அது வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும். வந்த வழியே என்பதுதான் முக்கியம். டார்ச்சை இடுப்பில் பிடித்து அடித்தால் மினுக்கம் இடுப்புக்கே திரும்பும்; உங்கள் கண்ணுக்கு வராது. கன்னத்தை ஒட்டி, கண் மட்டத்தில் பிடித்து மெல்ல வீசுங்கள். முதலில் தொழுவத்தின் தரை, பிறகு வேலி ஓரம், பிறகு மரத்தடி வரிசைகள், கடைசியில் கிளைகள். அவசரமாக வீசினால் ஒரு நொடி திரும்பிப் பார்த்த கண் தப்பிவிடும்.

பனி இறங்கும் நாளில் இதுவே எதிராகத் திரும்பும். பேச்சிப்பாறை, கோதையாறு பக்கத்து ராத்திரிகளில் கண் மட்டத்தில் பிடித்த டார்ச் முன்னால் வெள்ளைச் சுவர் எழுப்பியது போல ஆகிவிடும், தலைலைட் என்றால் இன்னும் மோசம். அப்போது வெளிச்சத்தைக் குறைத்து, டார்ச்சை இடுப்புக்கு இறக்கி, தரையைப் பார்த்து நடந்து, நின்ற இடத்தில் மட்டும் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பாருங்கள்.

நிறத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஆட்டின் கண் நீலப்பச்சையாகவும், பூனை இனம் பளிச்சென்ற மஞ்சள் பச்சையாகவும், நரி மஞ்சள் வெள்ளையாகவும், மரநாய் ஆரஞ்சுச் சிவப்பாகவும் மினுக்குவது வழக்கம். ஆனால் பார்க்கும் கோணம் மாறினால் அதே கண் வேறு நிறம் காட்டும். தரையில் சிவந்து ஒற்றைப் புள்ளியாக எரிவது பக்கிக் குருவி என்ற ராத்திரிப் பறவையாக இருக்கலாம், மரத்தில் மெதுவாக நகரும் செம்புள்ளி தேவாங்காக இருக்கலாம், புல்லுக்குள் ஊசிமுனை போல வெள்ளையாக மின்னுபவை சிலந்திகள். நிறத்தைவிட நடத்தைதான் நம்பகம். நரி பார்க்கும், திரும்பும், பத்தடி தள்ளிப் போய் மறுபடி பார்க்கும். பூனை இனம் அசையாமல் தாழ்ந்து கிடந்து பார்க்கும். தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் கண் இருக்கிறது, இரண்டு கண்ணுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பக்கத்து மரத்தில் பால் பிடிக்கும் சிரட்டையோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். சிரட்டை கட்டியிருக்கும் உயரம் உங்களுக்குத் தெரியும் என்பதால் மிருகத்தின் உயரமும் தெரிந்துவிடும்.

நிலையாக மாட்டும் லைட்

ராத்திரி முழுக்க எரியும் பல்பு வேண்டாம். இரண்டே நாளில் மிருகத்துக்குப் பழகிவிடும். பூச்சி வரும், பூச்சியைத் தின்னத் தவளை வரும், தவளைக்குப் பின்னால் பாம்பு வரும். கோழிக்கும் தூக்கம் கெடும்.

ஆள் அசைந்தால் எரியும் சென்சார் லைட் அதைவிட நல்லது. இது உடம்புச் சூடு நகர்வதைப் பார்த்து எரிகிறது. நேராக லைட்டை நோக்கி வரும் மிருகத்தைவிடக் குறுக்கே கடப்பதை அது சட்டென்று பிடிக்கும். ஆகவே மிருகம் வரும் பாதைக்குக் குறுக்கே பார்க்கும்படி மாட்டுங்கள். ஆளுக்கென்று எட்டடி உயரத்தில் வைத்துக் கீழே பார்க்கவிட்டால் நரியும் மரநாயும் தப்பிப் போகும். மூன்றடி உயரத்தில், தரைக்கு இணையாகப் பார்க்க வையுங்கள். எட்டுப் பத்து மீட்டருக்குள் வேலை செய்யும் என்று வைத்துக்கொள்ளலாம். எதிரே வாழை இலை ஆடினாலோ, பகல் வெயிலில் சுட்ட தகரம் இருந்தாலோ வீணாக எரிந்துகொண்டே இருக்கும். அப்படி எரிந்து பழகிய லைட்டை மிருகமும் மதிக்காது, நீங்களும் எட்டிப் பார்க்கமாட்டீர்கள்.

சோலார் என்றால் பேனல் தனியாக, ஒயரோடு வருவதாகப் பாருங்கள். லைட்டும் பேனலும் ஒட்டிய வகை ரப்பர் நிழலில் சார்ஜ் ஏறாமல் பத்து மணிக்கே அணைந்துவிடும். பேனலைக் கூரையின் திறந்த பக்கம், தெற்கே பத்துப் பதினைந்து டிகிரி சாய்த்து வையுங்கள். அந்தச் சாய்வில் மழையே சருகைக் கழுவிவிடும். வீட்டுக் கரண்டிலிருந்து தொழுவத்துக்கு ஒயர் இழுப்பதாக இருந்தால் மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் இழுக்காதீர்கள். ஆடு ஒயரைக் கடிக்கும், தரை ஈரமாக இருக்கும். 12 வோல்ட்டுக்கு இறக்கிக் கொண்டுபோவது இன்னும் நல்லது.

விளையில் தேனீப் பெட்டி வைத்திருக்கிறீர்களா? மார்த்தாண்டம் சுற்றுவட்டாரத்தில் வைக்காத விளை குறைவு. பெட்டியின் வாயில் வெளிச்சம் விழுந்தால் தேனீ ராத்திரியில் வெளியே வந்து லைட்டில் மோதிச் சாகும். அந்தப் பக்கம் லைட்டைத் திருப்பாதீர்கள்.

ஒழுங்கில்லாமல் மினுக்கும் லைட்டும் விற்கிறார்கள். ஆள் டார்ச்சோடு நடமாடுவது போன்ற தோற்றம் தருவதுதான் அதன் வேலை. கென்யாவில் ரிச்சர்ட் துரேரே என்ற சிறுவன் பழைய பேட்டரியையும் டார்ச் பல்பையும் வைத்து இப்படி ஒன்றைச் செய்து தொழுவத்திலிருந்து சிங்கங்களை விலக்கியது உலகம் அறிந்த செய்தி. சிலியில் நடந்து 2019-ல் வெளியான ஆய்வு ஒன்றில் மினுக்கு லைட் இருந்த மந்தைகளைப் பூமா என்ற பெரிய பூனை இன மிருகம் தொடவில்லை. அதே லைட்டை அங்கத்து நரி சட்டை செய்யவில்லை. இதிலிருந்து எனக்குப் புரிவது: சிறுத்தை நடமாட்டம் இருந்தால் வாங்கலாம், நரிக்காக வாங்க வேண்டாம். மரநாய்க்கும் மலைப்பாம்புக்கும் இது உதவாது. வாங்கினால் மூலைக்கு ஒன்றாக, இரண்டு மூன்றடி உயரத்தில், வெளிப்பக்கம் பார்த்து வைத்து, நான்கைந்து நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். குட்டி ஈனும் காலத்திலும், பக்கத்து ஊரில் இரை போன செய்தி வரும்போதும் மட்டும் எரியவிட்டு மற்ற நாளில் அணைத்து வையுங்கள்.

பேட்டரி

டார்ச் கெட்டுப்போவதில் பெரும்பங்கு பேட்டரியால்தான். 18650 என்றால் 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். 9900 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சடித்த 18650 கண்டிப்பாகப் பொய். அசல் சரக்கு பெரும்பாலும் 45 கிராமை ஒட்டி இருக்கும். சந்தேகமாக இருந்தால் நகைக்கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். பாதுகாப்புச் சுற்று வைத்த பேட்டரி நான்கைந்து மில்லிமீட்டர் நீளம் கூடுதலாக இருக்கும்; எல்லா டார்ச்சுக்குள்ளும் நுழையாது, வாங்கும்போதே போட்டுப் பார்த்துவிடுங்கள். 4.2 வோல்ட்டில் தானாக நிற்கும் சார்ஜரில் மட்டும் ஏற்றுங்கள். மெத்தை மேலோ ஓலைக் கூரைக்குக் கீழோ வைத்து ஏற்ற வேண்டாம். சார்ஜ் துளை நனைந்திருந்தால் காயும்வரை பொறுங்கள்.

சந்தையில் கிடைக்கும் பெரிய கைப்பிடி லைட்டுகள் பலவற்றில் 4 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி இருக்கும். விலை குறைவு, வெளிச்சமும் பரவாயில்லை. ஆனால் இறங்கிய சார்ஜோடு ஒரு மாதம் மூலையில் கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து செத்துவிடும். அதை வாங்கினால் எரித்தாலும் எரிக்காவிட்டாலும் மாதம் ஒருமுறை சார்ஜ் போட வேண்டும். குளச்சல், முட்டம் பக்கம் கடலோரத்தில் இருந்து இதைப் படிப்பவர்கள், டார்ச்சின் மரையையும் ரப்பர் வளையத்தையும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை துடைத்து, சிலிகான் கிரீஸ் ஒரு பொட்டு தடவுங்கள். உப்புக்காற்று ஸ்பிரிங்கை அரித்துவிடும்.

உங்கள் ஐயாயிரத்தை எப்படிச் செலவழிப்பது?

பாதியைக் கூட்டுக்குச் செலவழிக்கச் சொல்வேன். கோழிவலை என்று விற்கும் ஆறுகோணக் கம்பிவலையை நாயும் நரியும் கடித்துக் கிழித்துவிடும். அரை அங்குல வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பிவலை) வாங்குங்கள். கூட்டின் அடியில் சுற்றிலும் ஓரடி அகலத்துக்கு வெளிப்பக்கமாக மடக்கித் தரையில் பதித்து மண் போடுங்கள். தோண்ட வருவது சுவரோரத்தில் தோண்டிப் பார்த்துக் கம்பியில் முட்டித் திரும்பும். கூரைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கை அடைத்துவிடுங்கள், மரநாய்க்கு அதுதான் வாசல். கூரைமேல் தொங்கும் மரக்கிளையை வெட்டுங்கள். கதவுக்குக் கயிற்றுக்குப் பதில் கொண்டி போடுங்கள். ஆட்டுத் தொழுவத்துக்கு மேலேயும் கம்பி வேண்டும். ஆறடிச் சுவர் சிறுத்தைக்கு ஒரு தடையே இல்லை.

மீதியில் டார்ச்சும் அசல் பேட்டரி ஒன்றும் முதலில். பணம் இருந்தால் சிவப்பு வெளிச்சமும் உள்ள, 150 முதல் 200 லூமன் தலைலைட். சென்சார் லைட்டை அடுத்த மாதம் வாங்கினாலும் போதும். நாலைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்தால் தானியங்கி கேமரா ஒன்று வாங்கி மாறிமாறி வைக்கலாம். கண்ணுக்குத் தெரியாத 940 நானோமீட்டர் வெளிச்சம் உள்ளதாகப் பார்த்து, முழங்கால் உயரத்தில், பாதையிலிருந்து மூன்று நான்கு மீட்டர் தள்ளிக் கட்டுங்கள். 850 நானோமீட்டர் வகை இன்னும் தூரம் காட்டும், ஆனால் மங்கலான செம்புள்ளி தெரியும். மிருகம் பார்க்கிறதோ இல்லையோ, திருடன் பார்த்துவிடுவான். உங்கள் சொந்த விளைக்குள் மட்டும் வையுங்கள். காட்டு எல்லைக்குள் வைக்க வனத்துறை அனுமதி வேண்டும்.

ராத்திரியில் சத்தம் கேட்டால் தனியாக இறங்காதீர்கள். வாசலில் நின்று உரக்கப் பேசி, இருமி, ஒரு நிமிடம் கொடுத்துவிட்டு இரண்டு பேராகப் போங்கள். வெளிச்சத்தில் சிறுத்தை, புலி போன்ற பெரிய பூனை இனம் தெரிந்தால் கதிரைப் பக்கவாட்டுக்குத் திருப்பி, முகத்தைக் காட்டியபடியே பின்வாங்குங்கள். முகத்தில் மினுக்கு லைட் அடிப்பது, துரத்துவது, இரையைப் பிடுங்கப் பார்ப்பது எதுவும் கூடாது. யானை என்றால் டார்ச்சை உடனே தரைக்குத் தாழ்த்தி வீட்டுக்குள் போய்விடுங்கள். கண்ணில் வெளிச்சம் பட்ட யானை வெளிச்சம் வந்த இடத்தை நோக்கி ஓடி வரக்கூடும்.

காலையில் ஆடு செத்துக் கிடந்தால் உடலை நகர்த்தாமல், தடத்தின் மேல் ஒரு சட்டியைக் கவிழ்த்து மூடி, பக்கத்தில் தீப்பெட்டியை வைத்துப் போட்டோ எடுங்கள். பிறகு உங்கள் பகுதி வனச்சரக அலுவலகத்துக்கும் கால்நடை மருத்துவருக்கும் சொல்லுங்கள். காட்டு மிருகம் அடித்தது என்று அவர்கள் நேரில் பார்த்து எழுதினால்தான் அரசு இழப்பீட்டுக்கு மனு போட முடியும். போன வாரம் போன குட்டிக்கு உடலோ தடமோ இல்லாததால் கிடைப்பது கஷ்டம். ஆனாலும் எழுத்தில் தகவல் கொடுத்து வையுங்கள். அடுத்து யார் வீட்டில் போனாலும் அந்த மனுவுக்கு அது துணையாக இருக்கும்.